சொல்லக் கூடாத நினைப்பு: இளையோர் நாவல்களில் இழப்பும் குற்றவுணர்வும்

1. கேள்வி எழுந்த இடம்

எனக்கு 13 வயதானபோது அம்மாச்சி இறந்தார். மூன்று மாதம் படுத்த படுக்கையாகக் கிடந்து, ஒரு மார்கழி விடிகாலையில் மூச்சு நின்றது. தெருப் பெண்கள் கூடி ஒப்பாரி வைக்கத் தொடங்கியதும் பிள்ளைகளையெல்லாம் எதிர்வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே கொடுத்த பன்னைத் தின்னாமல் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போது எனக்கு அழுகை வரவில்லை. இனி உள்ளறை எனக்குப் படிக்கக் கிடைக்கும் என்ற நினைப்புத்தான் முதலில் வந்தது. வந்த வேகத்திலேயே உடம்பு கூசிப்போனது. அதை யாரிடமும் சொல்லவில்லை. ஐந்து ஆண்டுகள் கழித்து, கல்லூரி முதலாண்டில், பேட்ரிக் நெஸ் எழுதிய 'எ மான்ஸ்டர் கால்ஸ்' நாவலை நூலகத்தில் படித்து முடித்த மாலையில்தான் ஒரு தோழியிடம் வாய்விட்டுச் சொன்னேன்.

இந்தக் கட்டுரை என்னைப் பற்றியது அல்ல. ஆனால் இதன் கேள்வி அந்த மாலையில் பிறந்தது. வறுமையையும் சாவையும் பேசும் இளையோர் நாவல்கள் படிக்கிற பிள்ளைகளுக்கு என்னதான் செய்கின்றன? ஆறுதல் தருகின்றன என்பார்கள் சிலர். பிஞ்சு மனத்தைக் கெடுக்கின்றன என்பார்கள் வேறு சிலர். இரு தரப்பாருமே இந்த நாவல்களின் நடுவில் இருப்பதைக் காணாமல் கடந்துபோகிறார்கள் என்பது என் வாதம். இழந்தவர் மனத்தில் துயரத்தோடு ஒட்டிக்கொண்டே வரும், பிறரிடம் சொல்லக் கூடாததாகத் தோன்றும் நினைப்பு ஒன்று உண்டு. இவ்வகை நாவல்களில் சிறந்தவை அதைத்தான் எழுதுகின்றன.

2. மருந்து என்றும் நஞ்சு என்றும்

'இளையோர் இலக்கியம்' என்ற வகைப்பாட்டுக்கு நூலகங்களே தொட்டில். அமெரிக்க நூலகச் சங்கத்தில் சிறுவர் பிரிவும் இளையோர் பிரிவும் 1957இல் தனித்தனியாயின. 1967இல் எஸ். இ. ஹிண்டனின் 'தி அவுட்சைடர்ஸ்' வெளிவந்தது. ஏழைப் பையன்களின் அடிதடியையும் அகால மரணங்களையும் சொல்லும் அந்த நாவலை எழுதத் தொடங்கியபோது ஹிண்டனுக்கு 15 வயது. பள்ளி மாணவி ஒருத்தியே தன் வயதினரின் சாவை எழுத நேர்ந்தது என்பதை இன்று நினைத்தாலும் வியப்பாக இருக்கிறது.

புத்தகத்தை மருந்தாகப் பார்ப்பது இதைவிடப் பழையது. 1916இல் சாமுவேல் மெக்கார்ட் கிராதர்ஸ் 'அட்லாண்டிக் மன்த்லி' இதழில் எழுதிய கட்டுரையில் 'பிப்ளியோதெரபி' என்ற சொல்லைக் கொண்டுவந்தார். நோயாளிக்கு ஏற்ற புத்தகத்தைப் பரிந்துரைக்கும் ஒரு மருத்துவமனையை அதில் அவர் கற்பனை செய்திருந்தார். கற்பனையாகத் தொடங்கியது பின்னாளில் துறையாகவே வளர்ந்தது. 1969இல் எலிசபெத் குப்ளர்-ராஸின் நூல் வந்த பிறகு, துயரத்துக்கு மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு என ஐந்து படிகள் உண்டு என்பது பொதுப்பேச்சாகிவிட்டது. சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளோடு பேசி அவர் வகுத்த படிகள் அவை. பிறகுதான் உறவை இழந்தவர்களுக்கும் அவற்றைப் பொருத்தினார்கள். எந்தப் படியில் நிற்கும் பிள்ளைக்கு எந்தக் கதையைத் தரலாம் என்று பட்டியல் போடும் வழக்கம் இந்த இரண்டும் சேர்ந்ததன் விளைவு.

எதிர்த்தரப்பின் குரல் 2011 ஜூனில் உரக்கக் கேட்டது. இளையோர் நாவல்களில் இருள் மிகுந்துவிட்டது, அது பிள்ளைகளின் ரசனையையும் மனத்தையும் கெடுக்கிறது என்று 'வால் ஸ்ட்ரீட் ஜர்னல்' இதழில் மேகன் காக்ஸ் கர்டன் எழுதினார். அதே மாதத்தில் எழுத்தாளர் ஷெர்மன் அலெக்ஸி பதில் எழுதினார். எந்தத் துன்பத்திலிருந்து பிள்ளைகளைக் காப்பதாகப் பெரியவர்கள் சொல்கிறார்களோ, அதற்குள்தான் பல பிள்ளைகள் ஏற்கெனவே வாழ்கிறார்கள் என்பது அவர் வாதம். என் அனுபவம் அலெக்ஸியின் பக்கம்தான் நிற்கிறது. ஆனாலும், நஞ்சு என்றாலும் மருந்து என்றாலும், புத்தகம் வெளியிலிருந்து பிள்ளைக்குள் எதையோ செலுத்துகிறது என்ற எண்ணத்தில் இரு தரப்பும் ஒன்றுபடுகின்றன என்பதைக் கவனிக்க வேண்டும்.

அந்த எண்ணத்தை 1938லேயே கேள்வி கேட்டவர் இலக்கியக் கோட்பாட்டாளர் லூயிஸ் ரோசன்பிளாட். வாசகரும் பிரதியும் கொண்டும் கொடுத்தும் உண்டாக்குவதே வாசிப்பு என்றார். 1978இல் எழுதிய நூலில் அவர் தரும் எடுத்துக்காட்டு எனக்கு மறக்காது. நச்சுத் திரவத்தைக் குடித்துவிட்ட குழந்தையின் தாய், புட்டியின் மேலுள்ள குறிப்பை மாற்றுமருந்துக்காகத் தேடிப் படிக்கிறாள். தகவலை எடுத்துக்கொண்டு வெளியேறும் வாசிப்பு அது. கவிதையை அப்படிப் படிக்க முடியாது; படிக்கும் நேரத்தில் நமக்குள் நடப்பதுதான் அங்கே வாசிப்பு. துயரக் கதையை மருந்தாகத் தருகிறவர்கள் அறியாமலே பிள்ளையை அந்தத் தாயின் இடத்தில் நிறுத்திவிடுகிறார்கள்.

இலக்கியம் பரிவை வளர்க்கும் என்பதற்கான சோதனைச் சான்றும் அவ்வளவு உறுதியானதல்ல. இலக்கியப் புனைகதையைச் சிறிது நேரம் படித்தாலே பிறர் மனத்தை உணரும் திறன் கூடுகிறது என்று 2013இல் 'சயின்ஸ்' இதழில் கிட்டும் கஸ்தானோவும் எழுதியது பெரிதாகப் பேசப்பட்டது. 2016இல் வேறு ஆய்வாளர்கள் அதைத் திரும்பச் செய்து பார்த்தபோது அந்த விளைவு கிடைக்கவில்லை. எனவே எண்களை விட்டுவிட்டு நாவல்களுக்குள் போகிறேன்.

3. மூன்று பிள்ளைகள்

கேத்தரின் பேட்டர்சனின் 'பிரிட்ஜ் டு டெராபிதியா' 1977இல் வந்தது; 1978இல் நியூபெரி பதக்கம் பெற்றது. 1974இல் பேட்டர்சனின் மகனுடைய எட்டு வயதுத் தோழி மின்னல் தாக்கி இறந்தாள். அதே ஆண்டில் பேட்டர்சன் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றிருந்தார். தோழியின் சாவை மகனால் விளங்கிக்கொள்ள முடியவில்லை என்பதே நாவலுக்கு வித்து.

கதையில் ஜெஸ் ஆரன்ஸ் வர்ஜீனியா கிராமத்து ஏழை வீட்டுப் பையன். வகுப்பிலேயே வேகமாக ஓடுகிறவனாக வேண்டும் என்பது அவன் கனவு. புதிதாக வந்த லெஸ்லி அவனை ஓட்டத்தில் முந்துகிறாள், பிறகு உயிர்த்தோழி ஆகிறாள். ஓடைக்கு அப்பால் இருவரும் கற்பனையில் ஓர் அரசாங்கம் அமைக்கிறார்கள். ஒரு நாள் ஜெஸ்ஸை அவனுடைய இசை ஆசிரியை வாஷிங்டன் ஓவியக்கூடத்துக்கு அழைத்துப்போகிறார். லெஸ்லியையும் கூட்டிப்போகலாமா என்று கேட்க அவனுக்குத் தோன்றவில்லை. தோன்றியபோது, கேட்காததில் ஒரு மகிழ்ச்சியும் இருந்தது. அன்றுதான், ஓடையைத் தாண்ட அவர்கள் பிடித்து ஆடும் கயிறு அறுந்து லெஸ்லி இறந்துபோகிறாள்.

மனத்தை உலுக்கும் இடம் அதற்கும் பிறகு வருகிறது. அவள் இல்லை என்று தெரிந்தபின் ஜெஸ்ஸின் மனத்தில் ஓடும் நினைப்புகளில் ஒன்று, இனி வகுப்பில் தானே வேகமானவன் என்பது. சிறுவர் நாவலில் இந்த வரியை எழுதத் துணிவு வேண்டும். வகுப்பறைகளில் இந்த நாவலைப் பேசுகிறவர்கள் நட்பு, கற்பனை, துயரத்தை ஏற்றல் என்று தலைப்புகள் தருகிறார்கள். அந்த ஓட்டப்பந்தய நினைப்பைத் தொட்டுப் பேசியதை நான் பார்த்ததில்லை. லெஸ்லியின் உடலைப் பார்த்தாயா என்று கேட்கும் தங்கையின் முகத்தில் ஜெஸ் ஓங்கி அடிப்பதும், லெஸ்லி தந்த வண்ணங்களை ஓடையில் எறிவதும் அந்த நினைப்போடு சேர்த்துப் படித்தால்தான் பொருள்படும். கோபம் என்ற 'படி'யில் வைத்து அவற்றை விளக்க முடியாது. அவன் அடிப்பது தன்னைத்தான்.

கேரன் ஹெஸ்ஸியின் 'அவுட் ஆஃப் தி டஸ்ட்' 1997இல் வெளிவந்து 1998இல் நியூபெரி பெற்றது. தேதியிட்ட புதுக்கவிதைகளாக, 1934இன் குளிர்காலத்திலிருந்து 1935இன் இலையுதிர்காலம்வரை, 14 வயது பில்லி ஜோ சொல்வது. ஓக்லஹோமாவின் மேற்குக் கோடி. 'டஸ்ட் பவுல்' என்று வரலாறு பெயரிட்ட புழுதிக் காலம். முதல் உலகப் போரின்போது கோதுமைக்கு ஏறிய விலையை நம்பி, காலங்காலமாக மண்ணைக் கட்டிப்பிடித்திருந்த புல்வெளிகளை உழுதுபோட்டார்கள். மழை பொய்த்ததும் வேரற்ற மண் காற்றோடு கிளம்பியது. 1935 ஏப்ரல் 14 அன்று எழுந்த புயலில் பகலே இரவானது. அந்த நாளைக் 'கறுப்பு ஞாயிறு' என்கிறார்கள். நாவலில் பில்லி ஜோவின் ஆசிரியை வகுப்பில் இந்தக் காரணங்களை விளக்கும் கவிதை ஒன்று உண்டு. நாவலின் திறவுகோல் அதுதான் என்று நினைக்கிறேன்.

ஏனெனில் வீட்டுக்குள் நடப்பதும் அதேபோன்றது. அப்பா அடுப்பருகில் ஒரு வாளியில் மண்ணெண்ணெய் வைத்துவிட்டுப் போகிறார். தண்ணீர் என்று நினைத்து அம்மா அதை எடுக்க, தீப் பற்றுகிறது. எரியும் வாளியை பில்லி ஜோ வெளியே வீசுகிறாள். அந்த நொடியில் வெளியிலிருந்து திரும்பி ஓடிவந்த அம்மாவின் மேல் அது விழுகிறது. அம்மா நிறைசூலி. தாயும் பிள்ளையும் பிழைக்கவில்லை. பியானோ வாசிக்கும் பில்லி ஜோவின் கைகள் வெந்துபோகின்றன. அம்மா தண்ணீருக்குத் தவித்துக் கிடந்தபோது அப்பா, வீட்டில் ஒளித்துவைத்திருந்த பணத்தை எடுத்துக்கொண்டு குடிக்கப் போய்விடுகிறார். ஊர்ப் பெண்கள் பேசிக்கொள்வதோ வாளியை வீசியவள் மகள் என்று. வாளியை வைத்த கையும் இருக்கிறது, வீசிய கையும் இருக்கிறது; இருவருமே கெடுதல் நினைத்துச் செய்யவில்லை. நிலத்தை உழுதவர்களும் அப்படித்தான். நெஞ்சறியச் செய்யாத பிழையோடு மனிதர்கள் எப்படி ஒரே வீட்டில் உண்டு உறங்குவது என்பதை ஹெஸ்ஸி மண்ணிலும் வீட்டிலும் ஒரே நேரத்தில் கேட்கிறார். வறுமையும் சாவும் இந்த நாவலில் இரண்டு தனிப் பொருள்கள் ஆகவில்லை.

மூன்றாவது நெஸ்ஸின் நாவல். அதன் கருவைத் தந்தவர் ஷிவோன் டௌட். எழுதி முடிக்குமுன் 2007இல், 47 வயதில், புற்றுநோயால் அவர் இறந்தார். அவர் விட்ட இடத்திலிருந்து நெஸ் எழுதி 2011இல் வெளியிட்டார். 2012இல் எழுத்துக்கான கார்னெகி பதக்கமும் ஜிம் கேயின் ஓவியங்களுக்கான கிரீனவே பதக்கமும் ஒருசேர இதற்குக் கிடைத்தன. ஒரே நூல் இரண்டையும் பெற்றது அதுவே முதல்முறை.

கானருக்கு வயது 13. அம்மா புற்றுநோயில் தேய்ந்துகொண்டிருக்கிறார். நள்ளிரவு கடந்து 12:07க்குக் கல்லறைத் தோட்டத்து யூ மரம் பூதமாக எழுந்து வந்து, மூன்று கதைகள் சொல்வேன், நான்காவதை நீ சொல்ல வேண்டும் என்கிறது. (அம்மாவுக்குத் தரப்படும் கடைசி மருந்து யூ மரத்திலிருந்து எடுத்தது. பாக்லிடாக்செல் என்ற புற்றுநோய் மருந்து பசிபிக் யூ மரத்தின் பட்டையிலிருந்துதான் முதலில் பிரித்தெடுக்கப்பட்டது.) பாட்டியின் கூடத்தை அடித்து நொறுக்கியபின்னும், பள்ளியில் ஒருவனை மருத்துவமனைக்கு அனுப்பும் அளவுக்குத் தாக்கியபின்னும் கானரை யாரும் தண்டிப்பதில்லை. பாவம், அம்மா இப்படி இருக்கும்போது தண்டித்து என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிடுகிறார்கள். அவனோ தண்டனைக்குத்தான் ஏங்குகிறான். கனவில் பள்ளத்தில் தொங்கும் அம்மாவின் கையை அவன் விட்டுவிடுகிறான், நழுவவில்லை, விட்டுவிடுகிறான். இந்த வேதனை முடிந்தால் போதும் என்று தான் விரும்பியதே அவன் சொல்ல வேண்டிய நான்காவது கதை.

ஓட்டத்தில் முதலிடம், வீசிய வாளி, விட்ட கை. மூன்று எழுத்தாளர்கள், மூன்று காலங்கள். ஆனால் மூன்று பிள்ளைகளையும் வாய்மூட வைப்பது ஒன்றே. இது புனைகதையின் உத்தி மட்டும்தானோ என்ற ஐயம் எனக்கு இருந்தது. 1947இல் வெளியான ஆன் ஃபிராங்கின் நாட்குறிப்பு அதைத் தீர்த்தது. 1943 நவம்பரில், மறைவிடத்தில் இருந்த 14 வயது ஆன், தன் பள்ளித்தோழியைக் கந்தல் உடையில் மெலிந்த முகத்தோடு கனவில் கண்டதை எழுதுகிறாள். தான் பத்திரமாக இருப்பதும் முன்பு தோழியிடம் நடந்துகொண்ட விதமும் அவளை வதைக்கின்றன. எந்தத் தவறும் செய்யாத பிள்ளை இப்படித் தன்னையே விசாரித்துக்கொள்வதை எழுதியவள் நாவலாசிரியை அல்ல.

மறுபக்கத்துக்கும் ஒரு சான்று சொல்ல வேண்டும். டெராபிதியா வந்த அதே 1977இல் எலினோர் கோயரின் சடாகோ கதையும் வந்தது. ஹிரோஷிமா நாளில் பள்ளிகளில் காகிதக் கொக்கு மடிக்கும் வழக்கத்தால் நமக்கும் அறிமுகமான கதை. சடாகோ சசாகி இரத்தப் புற்றுநோயால் 1955இல் 12 வயதில் இறந்தாள். 644 கொக்குகளோடு அவள் கை நின்றுபோக, தோழர்கள் ஆயிரத்தை நிறைவுசெய்ததாகக் கோயர் எழுதினார். அவள் ஆயிரத்தையும் தாண்டி மடித்தாள் என்பது குடும்பத்தார் சொல்வது. ஆயிரம் மடித்தும் பிழைக்காத சிறுமியின் கதை தாங்கமுடியாதது. முடிக்காமல் போனவளின் கதையில் மற்றவர்கள் செய்ய ஒரு நல்ல காரியம் மிஞ்சுகிறது. கோயரின் நூல் உலகம் முழுக்கச் செய்த நன்மையை நான் மறுக்கவில்லை. ஆனால் பாடம் சொல்வதற்காக இழப்பைச் சீர்செய்த நூல் அது.

4. ஒரு மறுப்பு

இந்த வாதத்துக்கு எதிராக ஒன்றைச் சொல்லலாம். மூன்று நாவல்களிலும் கடைசியில் யாரோ ஒருவர் பிள்ளையை மன்னித்துவிடுகிறார். ஜெஸ்ஸை ஓடைக்கரையில் அப்பா மடியில் அள்ளிக்கொள்கிறார். வீட்டைவிட்டு சரக்கு ரயிலேறி அரிசோனாவரை போன பில்லி ஜோ திரும்பிவந்து அப்பாவை ஏற்கிறாள். கானருக்குப் பூதம், ஒரே மனத்தில் எதிரெதிர் விருப்பங்கள் இருப்பது இயல்பு என்று விளக்குகிறது. வாழ்க்கையில் எத்தனை பிள்ளைகளுக்கு இப்படி ஒருவர் கிடைப்பார்? இதுவும் ஆறுதல் வியாபாரம்தானே?

இந்த மறுப்பில் உண்மை உண்டு. குறிப்பாக நெஸ்ஸின் பூதம் தேவைக்கு அதிகமாக விளக்குகிறது. அந்தப் பக்கங்களில் எழுத்தாளர் தெரிகிறார், மரம் மறைகிறது. ஹெஸ்ஸியின் முடிவு இதைவிட நேர்மையானது: பில்லி ஜோவின் கைகள் வலித்துக்கொண்டேதான் பியானோவுக்குத் திரும்புகின்றன. ஆனாலும் மூன்றிலும் பெரியவர் செய்வது என்ன என்று பார்த்தால், அவர் துயரத்தைத் தீர்ப்பதில்லை. பிள்ளை வெளியிட்ட நினைப்பைக் கேட்டு முகம் சுளிக்காமல் அருகில் இருக்கிறார். அவ்வளவுதான்.

5. தமிழில் இந்த நினைப்பு எங்கே?

இளையோரின் இழப்பு நமக்குப் புதிதல்ல. புறநானூற்றின் 112ஆம் பாட்டு பாரி மகளிர் பாடியது. தந்தையையும் பறம்பு மலையையும் ஒரு மாதத்துக்குள் இழந்த இளம்பெண்களின் ஐந்து அடிகள்; துறை கையறுநிலை. இதைவிடச் செறிந்த துயரக் கவிதை எந்த மொழியில் இருந்தாலும் நான் படித்ததில்லை. அதில் குற்றவுணர்வுக்கு இடமில்லை. குற்றம் மலையைக் கொண்ட வேந்தரிடம் இருக்கிறது. கி. ராஜநாராயணனின் 'கதவு' கதையிலும் அப்படித்தான். தீர்வை பாக்கிக்காகத் தலையாரி கழற்றிக்கொண்டு போன கதவை, அதில் ஏறி ஆடி விளையாடிய பிள்ளைகள் தேடிக் கண்டுபிடித்துக் கட்டிக்கொள்கிறார்கள். கதவில்லாத வீட்டில் கைக்குழந்தை இறந்ததற்கு அந்தப் பிள்ளைகள் பொறுப்பில்லை. அவர்களும் அப்படி நினைக்கவில்லை. வறுமையைச் செய்தவர் யார் என்று சுட்டும் இந்தத் தெளிவு நம் எழுத்தின் பெருமை. ஆங்கில நாவல்கள் துன்பத்தை மனத்துக்குள் திருப்பிவிடுவதால் இந்தத் தெளிவை இழப்பதும் உண்டு.

ஆனால் இதற்கொரு விலையும் இருக்கிறது. இரா. நடராசனின் 'ஆயிஷா' நம் பள்ளிகளில் பரவலாகப் படிக்கப்படும் குறுநாவல். கேள்வி கேட்டதற்காக அடிபடும் மாணவி, அடியின் வலி தெரியாமலிருக்க மருந்தைத் தன் உடலிலேயே சோதித்து இறக்கிறாள். கதையைச் சொல்வது அவளுடைய ஆசிரியை. குற்றவுணர்வு இங்கே முழு வீச்சில் உண்டு, அது பெரியவருடையது. ஆயிஷாவின் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்த பெண் என்ன நினைத்தாள்? அவள் அடிவாங்கும்போது, நல்லவேளை நான் இல்லை என்று நினைத்திருப்பாளா? அந்தப் பெண்ணின் கதை தமிழில் எழுதப்பட வேண்டும் என்பது என் ஆசை. ஒப்பாரி வைக்கும் வீட்டிலிருந்து எங்களை எதிர்வீட்டுக்கு அனுப்பியதுபோல, நம் துயர இலக்கியமும் பிள்ளையின் உள்மனத்தை எதிர்வீட்டிலேயே உட்காரவைத்திருக்கிறது.

6. வகுப்பறைக்கு

ரூடின் சிம்ஸ் பிஷப் 1990இல் எழுதிய கட்டுரையில், புத்தகம் சில பிள்ளைகளுக்குக் கண்ணாடி, சிலருக்குச் சன்னல் என்றார். கறுப்பினப் பிள்ளைகள் தங்கள் முகத்தைக் காண ஒரு கண்ணாடியும் இல்லாத நிலையைக் கண்டு சொன்னது அது. அதன் நியாயம் இன்னும் தீரவில்லை. என் சிறிய சான்றை அதன் அருகில் வைக்கிறேன். ஓர் ஆங்கிலேயப் பையனின் கதையும் ஓக்லஹோமாப் பெண்ணின் கதையும் மதுரையில் படித்த எனக்குக் கண்ணாடியாயின. ஊரும் நிறமும் ஒத்துப்போகாத இடத்தில் வெட்கம் ஒத்துப்போனது.

இதிலிருந்து இரண்டு முடிவுகளுக்கு வருகிறேன். இந்தப் புத்தகங்களைச் சாவு விழுந்த வீட்டுப் பிள்ளையின் கையில் மருந்தாகத் திணிப்பது சரியல்ல. அவை முன்கூட்டியே நூலக அலமாரியில், எவர் கையும் எட்டும் உயரத்தில் இருக்க வேண்டும். நான் நெஸ்ஸின் நாவலை எடுத்தது அட்டைப்படத்துக்காக. யாராவது 'உனக்கு இது உதவும்' என்று நீட்டியிருந்தால் திறந்திருக்க மாட்டேன். இரண்டாவது, குறுவினா, சிறுவினா, நெடுவினா என்று முடியும் நம் பாடமுறை, நச்சுப்புட்டிக் குறிப்பைப் படிக்கும் தாயின் வாசிப்பையே பழக்குகிறது. கதை உணர்த்தும் நீதி யாது என்று கேட்டால், வாயில் வந்துநிற்கும் அந்த நினைப்பைப் பிள்ளை விழுங்கிவிட்டு நீதியை எழுதும், மதிப்பெண்ணும் கிடைக்கும்.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். இழப்பைப் பேசும் பாடம் அடுத்தமுறை வரும்போது, ஒரே ஒரு பாடவேளையை வினாத்தாள் இல்லாமல் விடுங்கள். படித்துக் காட்டிவிட்டுச் சும்மா இருங்கள். எந்தப் பிள்ளையாவது சொல்லக் கூடாத ஒன்றைச் சொன்னால், திருத்தாமல் கேளுங்கள்.